டெல்லி 4 நாள்: திங்கட்கிழமையை என்ன செய்வது?

கேள்வி: வைகைக்கரை

பிப்ரவரி மூன்றாம் வாரம் டெல்லி போகிறோம். நான், மனைவி, 10 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். சென்னையிலிருந்து விமானம், சனிக்கிழமை பகல் 11.30க்கு இறங்குகிறோம், செவ்வாய் இரவு 8 மணிக்குத் திரும்புகிறோம். கரோல் பாக்கில் அறை பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்:

சனி: ஓய்வு, மாலை இந்தியா கேட்
ஞாயிறு: வாடகைக் காரில் ஆக்ரா
திங்கள்: செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக், மாலை அக்ஷர்தாம் கோயில்
செவ்வாய்: குதுப் மினார், தாமரைக் கோயில், ஹுமாயூன் கல்லறை, அப்படியே விமான நிலையம்

இது ஒத்துவருமா? ஆக்ராவுக்குக் காரா, ரயிலா? அம்மா மலை மந்திர் முருகன் கோயிலைப் பார்க்கவேண்டும் என்கிறார், அதை எங்கே நுழைப்பது? சாப்பாட்டைப் பொறுத்தவரை எங்கள் மூவருக்கும் எதுவானாலும் சரி, அம்மாவுக்கு மட்டும் ஒரு வேளையாவது சோறு வேண்டும்.


பதில் 1: யமுனைத்தமிழ்

பணம் கட்டுமுன் கேட்டது நல்லதாயிற்று. உங்கள் திங்கட்கிழமைத் திட்டத்தில் பாதி நடக்காது. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. அக்ஷர்தாமுக்கும் திங்கள் விடுமுறை. தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் எல்லாமே திங்கள் மூடல்தான். கரோல் பாக் கடைத்தெருகூட அன்றைக்குத்தான் மூடும். டெல்லி வருகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இதில்தான்.

ஆனால் தாஜ்மகாலுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகவே ஆக்ராவைத் திங்களுக்குத் தள்ளுங்கள், முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஞாயிறு தாஜில் இருக்கும் நெரிசலும் மிச்சம்.

அடுத்தது, ஊரைத் திசை பிரித்துப் பாருங்கள். வடக்கே பழைய டெல்லி: செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக். நடுவில் இந்தியா கேட், கன்னாட் பிளேஸ், பங்களா சாஹிப் குருத்வாரா. தெற்கே குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம். யமுனைக்குக் கிழக்கே அக்ஷர்தாம். ஒரு நாளுக்கு ஒரு திசை, மிஞ்சிப்போனால் இரண்டு. குதுப், தாமரைக் கோயில், ஹுமாயூன் மூன்றையும் பார்த்துவிட்டு 8 மணி விமானத்தைப் பிடிப்பது அம்மாவை வைத்துக்கொண்டு ஆகாது.

நான் போடுவதென்றால் இப்படி:

சனி: அறைக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, 4 மணிக்கு மேல் பங்களா சாஹிப். தலையை மூடவேண்டும்; வாசலிலேயே துணி தருவார்கள். செருப்பு வைக்க இடம் உண்டு, காசில்லை. அங்கிருந்து ஆட்டோவில் இந்தியா கேட். அதை ஒட்டியே 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது, அனுமதி இலவசம். சூரியன் மறைவதற்குச் சற்று முன் அங்கே நடக்கும் அணிவகுப்பு மரியாதையைப் பையன் ரசிப்பான்.

ஞாயிறு: காலை 7.30க்கு ஆர்.கே. புரம் மலை மந்திர். அங்கிருந்து குதுப் மினார். மதியச் சாப்பாடு முடித்து அக்ஷர்தாம்.

திங்கள்: ஆக்ரா.

செவ்வாய்: செங்கோட்டை, சாந்தினி சௌக், விமானம். ஞாயிறன்று சாந்தினி சௌக் மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் செவ்வாய்தான் சரி.

தாமரைக் கோயிலை வெட்டிவிட்டேன். 1986இல் திறந்த, பஹாய் சமயத்தாரின் வழிபாட்டிடம், 27 பளிங்கு இதழ்கள், வெளியிலிருந்து பார்க்க அழகுதான். ஆனால் வரிசையில் நின்று உள்ளே போனால் பேசக்கூடாது, சிலை கிடையாது, பூஜை கிடையாது. நாற்காலியில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம். பத்து வயதுப் பையனுக்கு அது தண்டனை.

ஹுமாயூன் கல்லறையைப் பொறுத்தவரை, கட்டடம் நிற்கும் மேடைக்குப் போகும் படிகள் செங்குத்தானவை, ஒவ்வொரு படியும் உயரம். அம்மா கீழே தோட்டத்தில்தான் இருக்கவேண்டியிருக்கும். தாஜ்மகாலுக்கு முன்னோடி அதுதான் என்றாலும், தாஜையே பார்க்கப்போகிறவர்கள் இந்த முறை விட்டுவிடலாம்.

குதுப் வளாகம் பெரும்பாலும் சமதளம். கோபுரம் 72.5 மீட்டர். 1981இல் உள்ளே நடந்த நெரிசல் விபத்தில் பள்ளிக் குழந்தைகள் பலர் இறந்தபிறகு மேலே ஏற விடுவதில்லை, யாராவது ஏற்றிவிடுகிறேன் என்று காசு கேட்டால் நம்பாதீர்கள். பையனுக்குக் கோபுரத்தைவிட இரும்புத் தூணைக் காட்டுங்கள். சுமார் 1,600 ஆண்டுப் பழசு, ஆறு டன்னுக்கு மேல் எடை, திறந்த வெளியில் நின்றும் துருப்பிடித்து அழியவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாகப் படிந்து, துரு உள்ளே இறங்காமல் தடுக்கிறது. அப்படியே வடக்குப் பக்கம் அலாய் மினாரையும் காட்டுங்கள். குதுப்பைப்போல் இரு மடங்கு உயரத்தில் கட்டுவேன் என்று அலாவுதீன் கில்ஜி தொடங்கி, முதல் அடுக்கோடு நின்றுபோன மொட்டைத் தூண்.

மெட்ரோ: கரோல் பாக் நீலத் தடத்தில் இருக்கிறது, உங்களுக்கு வசதி. செங்கோட்டைக்கு மண்டி ஹவுஸில் இறங்கி ஊதாத் தடத்துக்கு மாறி, கஷ்மீரி கேட் பக்கம் போகும் ரயிலில் லால் கிலா நிலையம். ராஜீவ் சௌக்கில் மாறுவதைத் தவிர்க்கலாம்; காலை 9 முதல் 11, மாலை 5.30 முதல் 8 வரை அங்கே கூட்டத்தில் அம்மாவை இழுத்துக்கொண்டு போகமுடியாது. குதுப் மினார் நிலையம் என்று பெயர்தான், இறங்கினால் குதுப் வளாகம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆட்டோ பிடிக்கவேண்டும். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். அம்மாவும் மனைவியும் அதில் ஏறலாம். நீங்கள் கூடவே ஏறினால் அபராதம். ஒரே பெட்டியில் போக நினைத்தால் நடுப்பெட்டி, முதியோர் இருக்கையைக் கேட்டால் எழுந்து கொடுப்பார்கள்.

சோறு: கன்னாட் பிளேஸிலும் ஜன்பத்திலும் சரவண பவன் இருக்கிறது. இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் ஆந்திர பவன் உணவகத்தில் மதியம் அளவில்லாச் சாப்பாடு. காரம் தூக்கலாக இருக்கும், அம்மாவுக்குத் தயிரைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.


பதில் 2: தண்டவாளம்

ஆக்ராவுக்கு ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். கரோல் பாக்கிலிருந்து காரில் ஊரைக் கடந்து, யமுனை விரைவுச்சாலை முழுக்க ஓடி, ஆக்ரா நெரிசலில் நுழைய ஒரு வழிக்கே நாலு மணி நேரம் வைக்கவேண்டும். அம்மாவின் முழங்கால் எட்டு மணி நேரம் மடங்கியே இருக்கும். ‘ஒரே நாளில் ஆக்ரா’ என்று விலை மலிவாகச் சொல்லும் கார்களுக்கு வருமானம் வேறு இடத்தில்: பளிங்குக் கடை, கம்பளக் கடை, பேட்டா இனிப்புக் கடை என்று மூன்று இடத்தில் நிறுத்துவார்கள். அதில் போகும் ஒன்றரை மணி நேரம் உங்கள் தாஜ் நேரத்திலிருந்துதான் கழியும்.

கதிமான் எக்ஸ்பிரஸ், எண் 12050. ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் காலை 8.10, ஆக்ரா கன்டோன்மென்ட் 9.50. மாலை திரும்ப 12049, ஆக்ராவில் 5.50, நிஜாமுதீன் 7.30. வெள்ளியன்று ஓடாது, திங்கள் உண்டு. எதற்கும் பதிவு செய்யும்போது நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள். புதுடெல்லியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும் போபால் சதாப்தி (12002) 8 மணிக்குள் சேர்த்துவிடும், கூட்டத்துக்கு முந்தலாம். ஆனால் அம்மாவை நாலரைக்கு எழுப்பவேண்டும், திரும்பும் சதாப்தியும் ராத்திரி நேரம். உங்கள் குடும்பத்துக்குக் கதிமான்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முதல் இரண்டு மூன்று நாளில் போட்டுவிடுங்கள். போகும் டிக்கெட்டைவிட வரும் டிக்கெட் சீக்கிரம் தீரும். கதிமானும் சதாப்தியும் கிளம்புவது வேறு வேறு நிலையம் என்பதை மறக்கவேண்டாம். புதுடெல்லியில் போய் நின்றுகொண்டு கதிமானைத் தேடுகிறவர்கள் தினமும் உண்டு.

புதுடெல்லி நிலையத்தில் இன்னொன்று. வாசலில் ஒருவர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, ‘இது ரத்தாகிவிட்டது, வெளியே அரசு அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பார். அந்த அலுவலகம் அவருடைய தரகுக் கடை. அதேமாதிரி ‘உங்கள் ஓட்டல் மூடிவிட்டார்கள்’ என்று சொல்லும் ஆட்டோக்காரர். செல்போனில் பிஎன்ஆர் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள், நின்று பதில் சொல்லவேண்டாம்.

ஆக்ராவில்: நிலையத்திலிருந்து தாஜ் ஏறக்குறைய 6 கி.மீ. கிழக்கு வாசல் பக்கம் ஷில்ப்கிராம் வரை வண்டி போகும். தாஜைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி விடமாட்டார்கள். மீதித் தூரத்துக்குப் பேட்டரி வண்டி உண்டு, அம்மாவை அதில் ஏற்றுங்கள். மேற்கு வாசலில்தான் வரிசை அதிகம்.

டிக்கெட் இந்தியர்களுக்கு 50 ரூபாய். கல்லறை இருக்கும் பளிங்கு மேடைமேல் ஏற இன்னொரு 200. 15 வயதுக்குக் கீழே இலவசம், பையனின் ஆதாரை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 50 ரூபாய் டிக்கெட் போதும். மேடைக்குப் படி ஏறவேண்டும், உள்ளே நெருக்கித் தள்ளும் வரிசை. தோட்டத்துப் பளிங்கு இருக்கையிலிருந்து பார்க்கும் காட்சிதான் எல்லாருக்கும் மனதில் நிற்பது. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். முந்தைய நாளே தொல்லியல் துறை இணையதளத்தில் வாங்கிவிடுங்கள். தின்பண்டம், கேமரா முக்காலி, பெரிய பை கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். பையை வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றால் முக்கால் மணி போச்சு. தண்ணீர் பாட்டில் பரவாயில்லை.

1 மணிக்கு வெளியே வந்து சாப்பிட்டு, 2.30க்கு ஆக்ரா கோட்டை. 2024 மார்ச்சில் திறந்த ஆக்ரா மெட்ரோவில் தாஜ்மகால் நிலையத்துக்கு அடுத்த நிலையமே கோட்டை. கோட்டையில் நுழைந்ததும் ஒரு நீண்ட சரிவுப்பாதை, படி இல்லை ஆனால் ஏற்றம். மெதுவாக ஏறினால் அம்மாவாலும் முடியும். ஷாஜஹானை மகன் ஔரங்கசீப் அடைத்து வைத்த பகுதியிலிருந்து யமுனை வளைவில் தாஜ் தெரியும். 4.45க்கு வெளியேறினால் ரயிலுக்குப் பதற்றமில்லை.


பதில் 3: மயூர்விகார்

யமுனைத்தமிழ் சொன்னதில் ஒன்றே ஒன்றில் மாறுபடுகிறேன். ஞாயிறு பிற்பகல் அக்ஷர்தாம் என்பது டெல்லியில் பாதிப் பேருக்கு இருக்கும் திட்டம். பாதுகாப்பு வரிசையே ஒரு மணி நேரம் ஆகலாம். போகத்தான் வேண்டுமென்றால் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

செல்போன், கேமரா, ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க், பை எதுவும் உள்ளே போகாது. பொருள் வைக்குமிடத்தில் படிவம் எழுதிக் கொடுத்து ஒப்படைக்கவேண்டும், அதுவும் ஒரு வரிசை. எல்லாவற்றையும் அறையிலேயே விட்டு, ஒரே ஒரு போனை மட்டும் எடுத்துவந்து ஒப்படைத்தால் வேலை சுலபம். உள்ளே போன் இல்லாததால், பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசிவையுங்கள். கைச்செலவுக்கு நோட்டாகப் பணம் வேண்டும். போன் இல்லாமல் யுபிஐ எங்கிருந்து வரும்? அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை கூடாது. சக்கர நாற்காலி முன்பணம் வாங்கிக்கொண்டு தருவார்கள், அம்மாவுக்குக் கேட்டு வாங்குங்கள், வளாகம் பெரிது.

கோயிலுக்குள் அனுமதி இலவசம். பொம்மைகள் அசைந்து பேசும் காட்சி, பெரிய திரைப் படம், படகுப் பயணம் மூன்றும் சேர்ந்த கண்காட்சிக்குக் கட்டணம். சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும். இருட்டிய பிறகு நடக்கும் நீர்க்காட்சிக்குத் தனிக் கட்டணம். பையனுக்காக எது ஒன்று என்றால் நீர்க்காட்சி. படிக்கட்டுத்தான் இருக்கை, அம்மாவை மேல்வரிசை ஓரத்தில் உட்காரவையுங்கள், இறங்கி ஏறும் தொல்லை இல்லை.

மெட்ரோவில் ஒரு பொறி: நீலத் தடம் யமுனா பேங்க் நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. நொய்டா போகும் ரயில்தான் அக்ஷர்தாம் வழி. வைஷாலி ரயிலில் ஏறிவிட்டால் யமுனா பேங்கிலேயே இறங்கி மாறுங்கள்.

இந்த ஞாயிற்றுக் கூட்டம் வேண்டாமென்றால் அன்று பிற்பகல் சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகம். மலை மந்திருக்கும் அது பக்கம். 1907இல் ஓடத் தொடங்கிய பாட்டியாலா மோனோ ரயில் எஞ்சின் அங்கே இருக்கிறது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில், மறுபக்கச் சக்கரம் தரையில் உருளும். குட்டி ரயிலில் ஒரு சுற்றும் வரலாம். என் ஓட்டு இதற்குத்தான்.


பதில் 4: யாழ்முற்றம்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கோணும். நாங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு. எங்களுக்கு வெளிநாட்டார் கட்டணமோ? அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து வருது, அவையளிட்ட ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா குடுக்கிறது) இருக்கு.


பதில் 5: தண்டவாளம்

@யாழ்முற்றம், சார்க், பிம்ஸ்டெக் என்ற வட்டார நாட்டுக் கூட்டமைப்புகளில் உள்ள நாட்டவருக்கு (இலங்கையும் அதில் உண்டு) தொல்லியல் துறை நினைவிடங்களில் இந்தியர் கட்டணமேதான். தாஜில் மட்டும் வேறு: உங்களுக்கு 540, மற்ற வெளிநாட்டவருக்கு 1,100, மேடைக்கான 200 எல்லாருக்கும் பொது. ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம். கடவுச்சீட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருக்கவேண்டும், நகலைக் காட்டினால் வாசலில் வாக்குவாதம்தான். இணையத்தில் வாங்கும்போது நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இந்தியர் டிக்கெட்டைத் தவறாக வாங்கிக்கொண்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.


பதில் 6: வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. திங்கள் ஆக்ரா என்று முடிவுசெய்துவிட்டோம். ஞாயிறு பற்றி வீட்டில் இரண்டு கட்சி. பையன் ரயில் அருங்காட்சியகம், அம்மா அக்ஷர்தாம். மலை மந்திரில் படி அதிகமா? குளிர் எப்படி? செவ்வாய் பெட்டிகளை எங்கே வைப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது?


பதில் 7: யமுனைத்தமிழ்

மயூர்விகார் சொன்ன ரயில் அருங்காட்சியகத்தை ஒப்புக்கொள்கிறேன், பிற்பகல் அங்கே போனால் எல்லாரும் தெம்பாக அறைக்குத் திரும்பலாம். ஆனால் அம்மா கேட்கிறார் என்றால் அக்ஷர்தாம்தான், அதில் பேச்சில்லை.

மலை மந்திரில் சுவாமிநாதர் சந்நிதி குன்றின்மேல், படி ஏறித்தான் ஆகவேண்டும். காலையில் கால் ஓய்ந்திருக்கும்போது, கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறட்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் முதல் வேலையாக வைத்தேன். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்று அன்றைக்கு மாற்றவேண்டாம், கூட்டமும் இருக்கும், உங்கள் பழைய டெல்லித் திசைக்கு எதிர்ப்பக்கமும்கூட.

குளிர்: அந்த வாரம் விடியற்காலை 10 டிகிரியை ஒட்டி இருக்கும், பகலில் வெயில் இதமாக 24, 25 வரை ஏறும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், அம்மாவுக்குச் சால்வை, காலுறை. டிசம்பர் கடைசி, ஜனவரி மூடுபனியில்தான் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நீங்கள் வரும்போது அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

செவ்வாய்: காலையிலேயே அறையைக் காலிசெய்து பெட்டிகளை ஓட்டல் வரவேற்பில் விடுங்கள், வைத்துக்கொள்வார்களா என்று முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். 9.30க்குச் செங்கோட்டை வாசலில் இருந்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். லாகூர் வாசல் வழியாக நுழைந்து, கூரைபோட்ட கடைத்தெரு தாண்டி, மன்னர் பொதுமக்களைச் சந்தித்த திவான்-இ-ஆம், தனிச் சந்திப்புக்கான திவான்-இ-காஸ். நடக்கவேண்டிய தூரம் உண்டு, படி குறைவு. 1857க்குப் பிறகு உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்துப் படைமுகாம் கட்டினார்கள். சம்பந்தமில்லாமல் நடுவில் நிற்கும் மூன்றடுக்குக் கட்டடங்கள் அவைதான். இப்போது அவற்றில் அருங்காட்சியகங்கள். நேதாஜி, இந்திய தேசிய ராணுவம் பற்றியதைத் தவறவிடாதீர்கள். அந்தப் படையினர்மீது 1945இல் விசாரணை தொடங்கியது இந்தக் கோட்டையில்தான், படையில் மலாயாத் தமிழர்கள் நிறையப் பேர்.

வெளியே வந்ததும் சாந்தினி சௌக். பகலில் முக்கியத் தெருவில் மோட்டார் வண்டி விடுவதில்லை, சைக்கிள் ரிக்‌ஷாதான். ஏறுமுன் பேசவேண்டியது விலை மட்டுமில்லை: ‘தெருக்கோடி ஃபதேபுரி வரை போய் இங்கேயே திரும்ப, மொத்தம் ஒரு வண்டிக்கு’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் இறங்கும்போது தலைக்கு இவ்வளவு என்பார்கள். ஜாமா மசூதிக்குக் கிழக்கு வாசலில் 35 படி, வடக்கே 39, தெற்கே 33. அம்மா கீழே இருக்கட்டும், நீங்கள் மாறி மாறிப் போய்வாருங்கள். தொழுகை நேரத்தில் மற்றவர்களை விடுவதில்லை.

2 மணிக்குத் திரும்பி, சாப்பிட்டு, 4.15க்குக் கிளம்புங்கள். மாலை நெரிசலில் தௌலா குவான் வழியாகக் காரில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். கரோல் பாக்கிலிருந்து டாக்ஸியில் சிவாஜி ஸ்டேடியம் நிலையம் வரைதான், அங்கிருந்து விமான நிலைய விரைவு மெட்ரோ, இருபது நிமிடத்துக்குள் டெர்மினல் 3. சனிக்கிழமை வரும்போது பெட்டி, பசி, தூக்கம் எல்லாம் இருக்கும், மதிய நேரம் சாலையும் தேவலை. அப்போது மட்டும் நேராக டாக்ஸி.

கிளம்புமுன் டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். விரைவு மெட்ரோ போவது டெர்மினல் 3க்கு. 2 அதற்குப் பக்கத்திலேயே, நடந்துவிடலாம். டெர்மினல் 1 தனியாகப் பல கிலோமீட்டர் தள்ளி, அதற்கு மெஜந்தா தடத்தில் வேறு நிலையம். உங்களுடையது 1 என்றால் மெட்ரோவை மறந்துவிட்டு 3.45க்கே டாக்ஸி எடுங்கள்.